இரண்டு கலங்கல்

(அம்பத்தூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில், ஏரிப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏரிக்கரையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் ரயிலிலிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலை 12-ஆம் தேதி, தண்ணீர்ப் பஞ்சத்தின் நடுவே, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சரக்கு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது வேகன்கள், வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர், ஆக மொத்தம் 25 லட்சம் லிட்டர் குடிநீர். அமைச்சர்கள் வந்து நின்று வரவேற்றார்கள். அந்த வண்டி எந்த வழியாக வந்தது? அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி பட்டாபிராம், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். நம் ஊர் ஏரிகளின் ஓரமாகவே வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஏரிகள் எப்படி இருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் நிலத்தில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். அதாவது ஒரு ரயில். கொரட்டூர் ஏரி ஐந்நூறு ஏக்கருக்கு மேல். அதில் ஓரடித் தண்ணீர் கூடுதலாக நின்றால் இருநூற்றைம்பது ரயில். ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது, வெயிலில் ஆவியாகும், மண்ணுக்குள் இறங்கும் என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். மண்ணுக்குள் இறங்குவதும் நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்குத்தானே வருகிறது!

அதே ஊர்க்காரர்கள்தான் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஏரி உடையப் போகுதாமே" என்று போன் போட்டவர்கள். ஒரு வருஷம் ஏரியில் தண்ணீர் இல்லை என்று அழுகிறோம், இன்னொரு வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதே என்று நடுங்குகிறோம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு மண் மேடு. அந்த மண் மேட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஏரிக்கரையை அணை என்று சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. அணை என்றால் மேட்டூர் மாதிரி கல் கட்டாக ஓங்கி நிற்க வேண்டும் என்று நினைப்பு. பவானிசாகர் அணையின் பெரும்பகுதி மண் கரைதான் என்பது பலருக்குத் தெரியாது. பொறியியல் கணக்கில் அம்பத்தூர் ஏரிக்கரையும் ஓர் அணை. சிறிய மண் அணை. நம் பக்கத்து நிலம் கடலை நோக்கி மெல்லச் சாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அதன் குறுக்கே பிறை நிலா மாதிரி மண்ணைக் குவித்தால் மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்கும். மூன்று பக்கம் கரை, நாலாவது பக்கம் நிலமே கரை. மலையும் பள்ளத்தாக்கும் இல்லாத ஊரில் தண்ணீரைத் தேக்க இதைவிட மலிவான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை. திருவள்ளூர் பக்கம் ஓர் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. நான் கரைமேல் நின்று, அளவுகல்லில் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த லஸ்கருக்கு, அதாவது ஏரிக் காவல் ஊழியருக்கு, அப்போதே ஓய்வுபெறும் வயது. "சார், மேல நின்னு தண்ணியப் பாத்து என்ன செய்யப் போறீங்க? கீழ எறங்கி வாங்க" என்றார். கரையின் வெளிப்புறம், வயல் பக்கம், முட்செடிகளுக்கு நடுவே இறங்கினோம். கரையின் அடிக்காலில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் நிதானமாகத் தூக்குவாளியிலிருந்த டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, அந்தக் கண்ணாடி டம்ளரைக் கழுவி, கசிவு நீரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. கரைக்கு வேர்க்குது, அவ்வளவுதான். இதுவே கலங்கலா வந்துச்சுன்னா, நீங்களும் நானும் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்த மண் இயக்கவியலை அவர் ஒரு டம்ளரில் முடித்துவிட்டார்.

எந்த மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரைக்குள் தண்ணீர் மெதுவாக ஊறி, சாய்வாக இறங்கி, வெளிப்பக்க அடிக்காலில் வந்து சேரும். நன்றாகக் கெட்டிப்பட்ட கரையில் அது மண்ணை விட்டுவிட்டுத் தான் மட்டும் வரும். மண்ணையும் இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினால்தான் ஆபத்து. முதலில் ஊசி முனை அளவு துளை. மண் போகப் போகத் துளை பெரிதாகும், துளை பெரிதாகப் பெரிதாகத் தண்ணீர் வேகம் எடுக்கும், வேகம் எடுத்த தண்ணீர் இன்னும் மண்ணை அரிக்கும். வெளியில் இருந்து உள்நோக்கிக் குடைந்துகொண்டே போய் ஏரியைத் தொட்டுவிட்டால், சில மணி நேரத்தில் கரை வாயைப் பிளந்துவிடும். மேலே நிற்பவருக்குக் கடைசி நிமிஷம் வரை ஒன்றும் தெரியாது. கரையின் தலை உலர்ந்து அழகாகத்தான் இருக்கும்.

துளைக்குப் பிள்ளையார் சுழி யார் யாரோ போடுவார்கள். எலி, பெருச்சாளி, கறையான், நண்டு. செத்துப்போன மரத்தின் வேர் மக்கிப்போய் விட்டுச்செல்லும் குழாய். எல்லாவற்றையும்விட மோசமானது மதகு. கரைக்கு நடுவே கல்லாலோ சிமெண்டாலோ ஒரு குழாயைச் செருகியிருக்கிறோம். மண்ணும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டு இருப்பது போலத் தெரியும், ஒட்டாது. அந்த இடுக்கில்தான் தண்ணீர் வழி தேடும்.

நண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு, அதாவது நம்முடைய தண்ணீர் ரயிலுக்குப் பத்து நாள் முன்பு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. ஏறக்குறைய இருபது பேர் போய்விட்டார்கள். கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அந்த மாநில அமைச்சர் ஒருவர், அணையை நண்டுகள் துளைத்துவிட்டன என்றார். நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நண்டு வளை மண் கரைக்கு உண்மையிலேயே ஆகாது. வரப்பில் நண்டு வளை கண்டால் மிதித்து அடைக்காத விவசாயி உண்டா? அமைச்சர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்றால், நண்டு வளை தோண்டும் என்பது ஆயிரம் வருஷமாகத் தெரிந்த செய்தி. அதைத் தேடிப் பார்த்து அடைப்பதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறோம். நண்டுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. (சிரிப்பு)

கலங்கிய நீர் ஊற்றெடுத்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் செய்கிற தப்பு, அதன் வாயில் களிமண்ணையும் சாக்கையும் திணிப்பது. தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாயைத் திறக்கும், அவ்வளவுதான். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி போட வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக் கூடாது. வட்டத்துக்குள் தண்ணீர் மட்டம் உயர உயர வேகம் தணியும். இதற்குள் ஏரியின் மட்டத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்க வேண்டும், அதையும் பதற்றப்படாமல் படிப்படியாகச் செய்ய வேண்டும். ஏரியைத் தடாலென்று இறக்கினால், ஊறிக் கனத்த உட்பக்கச் சரிவு பிடிமானம் இல்லாமல் சரிந்து விழும். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றில் விழுந்த கதையாகிவிடும்.

மரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். கரையில் மரம் வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று நல்ல மனதோடு கன்று நடுகிறார்கள். ஆணிவேர் விடும் மரங்களை ஏரிக்கரையில் நடாதீர்கள். நிற்கும்போது நிழல் தரும். சாய்ந்தால் கரையில் ஒரு குழியைப் பிடுங்கிக்கொண்டு சாயும். சீமைக் கருவேலம் தானாக வந்து ஏறிக்கொள்கிறது. அதன் புதருக்குள் கசிவு இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. நம் முன்னோர் பனையை வைத்தார்கள். பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லி வேர்தான். அதையும் கரையின் தலையில் வைக்காமல் வெளிச்சரிவின் அடியை ஒட்டி வைப்பது நல்லது. கரை முழுக்க இருக்க வேண்டியது புல்.

இனி கலங்கலுக்கு வருவோம்.

லஸ்கர் சொன்ன கலங்கல், கலங்கிய தண்ணீர். ஏரிக்கு இன்னொரு கலங்கல் உண்டு. நிரம்பியதும் உபரி நீர் வழிந்து போகும் இடம். சில ஊர்களில் கலிங்கு என்பார்கள், சில ஊர்களில் கடைவாசல் என்பார்கள். வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு இதற்குத் தங்கள் மொழியில் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சென்னை மாகாணத்துப் பொறியியல் புத்தகங்களில் "கலிங்குலா" என்றே எழுதிக்கொண்டார்கள். ஒரு கலங்கல் வந்தால் ஏரி சாகும். இன்னொரு கலங்கல் ஓடினால்தான் ஏரி பிழைக்கும். தமிழ் ஏன் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது என்று மொழி அறிஞர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று பழமொழி சொல்வோம். மண் கரைக்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்தும். கல் அணையின் தலைக்கு மேல் தண்ணீர் ஓடினாலும் அது தாக்குப்பிடிக்க வாய்ப்புண்டு. மண் கரையின் தலைக்கு மேல் ஒரு சாண் வழிந்தாலும் வெளிச்சரிவு அரித்துப் பிய்த்துக்கொண்டு போகும். குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மச்சு இரண்டாம் அணையில் நடந்தது அதுதான். நடுவிலிருந்த கல் கட்டு நின்றது, இருபுறமும் இருந்த மண் கரை போயிற்று, மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆகவே கலங்கலின் மட்டம் கரையின் தலையைவிடச் சில அடி கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கை வைக்கக் கூடாது. ஏரி கட்டத் தெரிந்தவன் முதலில் முடிவு செய்வது கலங்கலின் இடத்தையும் அகலத்தையும்தான். கரை அதற்குப் பிறகு.

பழைய கலங்கல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள், ஊர்க்கோடியில் நடுகல் நிற்பது போல. பல பேர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள். மழை உச்சத்தில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கற்களுக்கு இடையே திறந்து விட்டிருப்பார்கள். வெள்ளம் தடையில்லாமல் போகும். மார்கழியில் மழை ஓய்கிற அறிகுறி தெரிந்ததும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக ஓரடி, ஒன்றரை அடி நிற்கும். தை, மாசிக்கு அது போதும். வெள்ளக் காலத்தில் ஏரியில் கொஞ்சம் இடம் காலியாக வை, வெள்ளம் முடிந்த பிறகு நிரப்பிக்கொள் என்பதுதான் அதன் சூத்திரம். இன்று கணினியில் வரைபடம் போட்டு நீர்த்தேக்க இயக்க விதி என்று பெயர் சூட்டியிருப்பதன் உள்ளடக்கமும் இதுதான்.

அந்தச் சூத்திரத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டாம். பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அடையாற்றில் உபரி நீர் விடும் மதகுகள் ஐந்து கண் ஒன்று, பத்தொன்பது கண் ஒன்று. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. மழை. நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அவ்வளவு மழை பெய்து, மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததால் அத்தனையும் ஓடி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1,660 மில்லியன் கனஅடி. ஏரியின் பாதிக்குச் சற்றுக் குறைவு. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரியோ ஏறக்குறைய நிறைந்திருந்தது. நூற்றுக்கணக்கில் இருந்த வெளியேற்றம் டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே நாளில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை போயிற்று. அந்த அளவில் ஒரு நாள் முழுக்க விட்டால் 2,500 மில்லியன் கனஅடி. மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம், சைதாப்பேட்டை எல்லாம் என்ன ஆயின என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. நீர் திறந்த விதத்தை அது கடுமையாகக் குறை சொன்னது. அரசுத் தரப்பு தன் நியாயத்தைச் சொன்னது. நான் அந்தத் துறையில் இருந்தவன் என்பதால் என் தீர்ப்பை நீங்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்கலாம். டிசம்பர் 1-ஆம் தேதி இரவு மதகை அவ்வளவு திறந்தது சரி. வேறு வழியில்லை, கரையின் தலைக்கு மேல் தண்ணீர் போயிருந்தால் இன்று நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம். தவறு அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. இன்னும் மழை வரும் என்று வானிலை சொல்லிக்கொண்டிருந்தபோது ஏரியில் இடம் பண்ணி வைக்கவில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 24 அடி ஏரியை 22 அடியிலேயே திறந்தார்கள். ஆயிரத்தில் தொடங்கி ஒன்பதாயிரம் கனஅடிவரை போயிற்று. அந்த இரண்டடி, பழைய கலங்கல் கல்லுக்கு நடுவே விட்டு வைத்த அந்த ஒன்றரை அடிதான்.

செம்பரம்பாக்கத்தில் மதகுக் கதவு இருக்கிறது, ஆகவே ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும். அவர் தாமதிக்கலாம், மேலிடத்தைக் கேட்கலாம், தூங்கியும் போகலாம். சின்ன ஏரிகளில் பெரும்பாலும் கலங்கல் வெறும் சுவர். யாரையும் கேட்காது. மட்டம் வந்ததும் வழியும். சின்ன ஏரியின் பெருமை அது. ஆனால் வழிந்த தண்ணீர் போக வழி வேண்டும் அல்லவா?

அங்கேதான் நம் புறநகர்க் கதை தொடங்குகிறது. இந்த ஏரிகள் தனித்தனி ஏரிகள் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். மேற்கே போனால் கூவமே ஒரு வகையில் ஏரிகளின் உபரி நீரில் ஓடும் ஆறு. பூந்தமல்லிப் பக்கம் கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது, அதற்கும் பெயர் கொரட்டூர் அணைக்கட்டுதான். நம் கொரட்டூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் ஒருமுறை கடிதப் போக்குவரத்தில் குழப்பிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அதாவது மேல் ஏரி உடைந்தால், அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் கீழ் ஏரியின் தலையில் இறங்கும். கீழ் ஏரியின் கலங்கல் மழைக்குக் கட்டியது, அடுத்த ஏரியின் உடைப்புக்குக் கட்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உடையும்.

கண்ணிகளுக்கு நடுவே இருந்த கால்வாய்களின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். முகப்பேர் பக்கம் பஸ்ஸில் போனால் "ஏரி ஸ்கீம்" என்று நடத்துநர் கூவுவார். ஏரி எங்கே? ஸ்கீம்தான் இருக்கிறது. வீட்டு வசதி வாரியமே ஏரியில் மனை போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று ஒரு ஓட்டு வீட்டுக்காரனை ஆக்கிரமிப்பாளன் என்று விரட்டும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டை வந்தது, கழிவுநீர் வந்தது. கொரட்டூர் ஏரியைக் காப்பாற்ற அந்த வட்டாரத்து மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வந்து நின்ற தண்ணீர் புதிதாக வழி கண்டுபிடித்து வந்ததில்லை. தன் பழைய வழியில் வந்தது.

இதன் விளைவாகக் கலங்கலில் இன்று இரண்டு கட்சி. கீழே கால்வாயில் வீடு கட்டியவர்கள், கலங்கலை உயர்த்து, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடாதே என்கிறார்கள். மேலே ஏரியின் உள்வாயில் வீடு கட்டியவர்கள், கலங்கலை உடைத்து மட்டத்தைக் குறை, எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கிறது என்கிறார்கள். நான் பணியில் இருந்தபோது ஓர் ஏரியில் விடிந்து போய்ப் பார்த்தால் கலங்கல் சுவரில் ஓரடி ஆழத்துக்குக் கடப்பாரையால் உடைத்து வைத்திருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நின்றது. கலங்கலை உயர்த்தச் சொன்ன கட்சிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. கரையை உயர்த்தாமல் கலங்கலை மட்டும் உயர்த்தினால் அந்தச் சில அடி இடைவெளி போச்சு. தலைக்கு மேல் வெள்ளம்தான்.

தூர்வாருவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரியில் பொக்லைன் இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கே தோண்டுகிறார்கள் என்று பாருங்கள். கரையை ஒட்டி உட்பக்கம் தோண்டினால் மண் எடுக்க வசதி, கரையைப் பலப்படுத்த அங்கேயே கொட்டலாம், லாரி வாடகை மிச்சம். கரையின் காலை வெட்டி அதன் தலையில் வைப்பது அது. கரையிலிருந்து நன்றாக விலகித் தோண்ட வேண்டும்.

இந்தக் கரைகளை யார் பார்த்துக்கொள்வது? அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. நல்ல சட்டம். 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கும் அது பொருந்தும். நம் அம்பத்தூர், ஆவடி ஏரிக்கரைகள் அந்த அளவுகோலுக்கு வெகு கீழே. மலைக்காட்டில் இருக்கும் பெரிய அணைக்கு ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம். கரைக்கு நூறடி தள்ளி ஆயிரம் குடும்பம் தூங்கும் சின்ன ஏரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு 2007-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது எல்லையைக் காக்கும் சட்டம், கரையின் உடல்நிலையைப் பார்க்கும் சட்டம் இல்லை.

முன்பு பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவையே சொல்கின்றன. பிறகு ஊர் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து இருந்தது. அவர்கள் எல்லோரும் தர்மவான்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏரி உடைந்தால் ஆயக்கட்டு நெல் போகும், வயிறு காயும். அந்தப் பயம் இருந்தது, ஆகவே இரவில் லாந்தர் எடுத்துக்கொண்டு கரையில் நடந்தார்கள். நம் பக்கத்தில் ஆயக்கட்டே மனையாகிவிட்டது. பாசனம் போனதும் மதகைத் திறக்கிற நீர்க்கட்டி போனார், கரையில் நடக்கிற கால் போயிற்று. துருப்பிடித்த மதகு மட்டும் கரைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரியும். 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ், அடைமழை இரவில் உடைய இருந்த கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்கக் கண்டார், கரை பிழைத்தது, தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது கதை. ராமர் வந்தாரா என்று நான் விவாதிக்கப் போவதில்லை. என்னைக் கவர்வது வேறு. அந்த மழையில், நள்ளிரவில், கலெக்டர் கரைமேல் இருந்திருக்கிறார்!

இன்று கரையில் நடப்பவர்கள் யார்? நீங்கள்தான். பருத்திப்பட்டு ஏரியில் 2019-இல் நடைபாதை போட்டுத் திறந்தார்கள். காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை சர்க்கரை நோயாளிகள்! பழைய ஆயக்கட்டுக்காரர்கள்கூட இத்தனை பேர் தினமும் கரையில் நடந்திருக்க மாட்டார்கள். ஒரே குறை, எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். பறவை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் மறுபக்கமும் திரும்பிப் பாருங்கள். அடிக்காலில் புதிதாக ஈரம் தெரிகிறதா? காய்ந்த காலத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா? நடைபாதைக் கல் ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கிறதா? கரையின் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா? கல் பதித்த நடைபாதை விரிசலை மறைத்துவிடும், அதனால் ஓரத்து மண்ணைப் பாருங்கள்.

பழைய கரைதானே, என்ன ஆகும் என்று இருந்துவிடாதீர்கள். 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி விடிவதற்கு முன் இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்தது. குளக்கோட்டன் கட்டியது என்று கோணேசர் கல்வெட்டு போற்றும் குளம். நூறுக்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே போனார்கள். மிகப் பழைய கரை என்பதே ஒரு நம்பிக்கை. இத்தனை காலம் நின்றது, இனியா உடையும் என்று. கரைக்கு வயது ஒரு தகுதி ஆகாது.

அவையோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புரட்டாசி முடிவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தண்ணீர் போகும் வழியில் அரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று தெரியும். அதைப் படம் எடுத்து வார்டு கவுன்சிலருக்கும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் எழுதுங்கள். மழை தொடங்கிய பிறகு கரையடியில் கசிவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தால், "சார், ஏரி உடையுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மதகுக்கு எத்தனை அடி தள்ளி, எவ்வளவு பெரிய கசிவு, தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். போகும்போது ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொண்டு போங்கள்.